மோட்டாரை நிறுத்துவதா, மீட்டர் போடுவதா, பலகை மாட்டுவதா?

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் 16 வீடுகள். தரையில் ஒரு சம்ப், மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் தொட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு மோட்டார். சங்கத்துக் கணக்கு நோட்டு மூன்று வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. வேறு யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். போன மார்ச்சில், வாரம் ஒரு லாரித் தண்ணீர் என்றிருந்தது இரண்டு லாரி ஆனது. கூட்டம் போட்டோம். ஒரு மணி நேரத்தில் ஐந்து யோசனைகளும் ஒரு சண்டையும் கிடைத்தன.

நோட்டீஸ் ஒட்டலாம் என்றார் ஒருவர். காலையும் மாலையும் மட்டும் தண்ணீர் விடலாம் என்றார் இன்னொருவர். வீட்டுக்கு வீடு மீட்டர், குழாய்களை மாற்றுவது, மொத்தச் செலவைத் தினமும் பலகையில் எழுதுவது என்று வரிசையாக வந்தன. சண்டை மீட்டரில். இவற்றில் சிலதைச் செய்து பார்த்துவிட்டோம், சிலதுக்கு விலை மட்டும் விசாரித்தோம். இதே சண்டை கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனையோ மாடிப்படிகளில் நடந்துகொண்டிருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று. இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய ஏழு கிணறு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டரோடு ரயில் வந்ததை எல்லோரும் பார்த்தோம். என் அம்மா அடி பம்பில் வரிசை போட்டு, இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று குடம் சுமந்தவர். ஒரு குடம் 15 லிட்டர், அதாவது 15 கிலோ. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர்கூடக் கீழே போகாது. அதே அம்மா இப்போது சிங்க்கில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, வாசலில் கீரைக்காரம்மாவோடு பேசப் போய்விடுகிறார். அம்மா மாறவில்லை. தண்ணீர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது, அவ்வளவுதான். குடத்தில் இருந்தபோது அது குறைவது தெரிந்தது. தொட்டியில் இருக்கும்போது தெரியவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஐந்தையும் எடை போட்டேன்.

நோட்டீஸைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சொட்டும் குழாய் படமும் "தண்ணீரைச் சேமிப்போம்" என்ற வாசகமும் போட்டு மாடிப்படியில் ஒட்டினோம். நான்காம் நாள் அதன் மேல் டியூஷன் விளம்பரம் வந்துவிட்டது. ஆனால் நோட்டீஸே வீண் என்றும் சொல்ல மாட்டேன், என்ன எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க ஓட்டல் ஒன்றில் துண்டை வைத்து ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். சுற்றுச்சூழலைக் காக்க ஒரே துண்டை மறுபடி பயன்படுத்துங்கள் என்று அட்டை வைத்த அறைகளில் 100 பேரில் சுமார் 35 பேர் அப்படிச் செய்தார்கள். "இங்கே தங்கும் பெரும்பாலோர் மறுபடி பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதியபோது அது 44 ஆனது. உபதேசத்தைவிட, பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறார் என்பது கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் உண்மையில் செய்கிறாரா என்று தெரியாமல் அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். அதற்கு முதலில் அளக்க வேண்டும்.

அடுத்தது நேரம் வைத்துத் தண்ணீர் விடுவது. கூட்டத்தில் அதிகக் கை தூக்கியது இதற்குத்தான், எனக்கும் அப்போது சரி என்றே பட்டது. செலவில்லை, தொட்டியின் வால்வை மூடித் திறக்க ஒரு ஆள் போதும். காலை 6 முதல் 8, மாலை 6 முதல் 8 என்று ஏப்ரலில் ஆரம்பித்தோம். ஒன்பது நாள்தான் நீடித்தது.

முதல் இரண்டு நாளிலேயே எல்லா வீட்டிலும் நீல டிரம் முளைத்தது. தண்ணீர் வரும் நேரத்தில் டிரம், குடம், வாளி, குக்கர் வரைக்கும் நிரப்பினார்கள். மாலையில் மறுபடி வால்வைத் திறந்ததும், காலையில் பிடித்ததில் பாதி அப்படியே இருக்கும். அது "பழைய தண்ணி". அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பார்கள். குடம் சுமந்த காலத்துப் பழக்கம் இது, யாரையும் குறை சொல்ல முடியாது. நாளைக்கு வருமா வராதா என்று தெரியாத தண்ணீரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிடித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆறாம் நாள் இரண்டாம் மாடி வீட்டில் பகலில் குழாயைத் திறந்து பார்த்து, வரவில்லை என்று மூட மறந்து வெளியே போய்விட்டார்கள். மாலை 6 மணிக்கு வால்வைத் திறந்தோம். 7 மணிக்கு அந்த வீட்டு வாசல்படியில் அருவி. போதாக்குறைக்கு, மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி ராத்திரி 11 மணிக்கு வந்தால் குளிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்புறம் கொசு. டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். மூடாத டிரம்மில் ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொசு பறக்கும். மோட்டார் ஓடிய நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. பற்றாக்குறை முற்றி, இருப்பதைப் பங்கிட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலைமை வந்தால் இது ஒரு வழி. ஆனால் பங்கிடுவது வேறு, மிச்சம் பிடிப்பது வேறு.

மீட்டர்தான் நியாயமானது என்று படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு செலவழிக்கிறாயோ அவ்வளவு கட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டு மாடிக்கு அழைத்துப்போனோம். அவர் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களை எண்ணிவிட்டுச் சிரித்தார். நம் ஊரில் பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு குழாய் என்று இறங்குவதில்லை. மேல் வீடு முதல் கீழ் வீடு வரை சமையலறைகளுக்கெல்லாம் ஒரு குழாய், குளியலறைகளுக்கு ஒன்று, கழிவறைகளுக்கு ஒன்று என்று நேர்கோட்டில் இறங்கும். ஒவ்வொரு வீடும் அதிலிருந்து மூன்று இடத்தில் கிளை எடுக்கும். ஆக 16 வீட்டுக்கு 48 மீட்டர். சாதாரண அரை அங்குல மீட்டர் மலிவுதான், ஆனால் சுவருக்குள் போகும் குழாயை வெட்டி, டைல்ஸை உடைத்து, மறுபடி ஒட்டுவதற்குள் மீட்டர் விலையைப் போல இரண்டு மூன்று பங்கு ஆகிவிடும்.

பணம் ஒரு பக்கம். சண்டை வந்தது வேறு இடத்தில். முதல் மாடியில் மாமியார், மாமனார், இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் இருக்கிறார்கள். எதிர்வீட்டில் இருவர், அவர்களும் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்தால் கூட்டுக்குடும்பத்துக்குத் தண்டனை. தலைக்கு இவ்வளவு என்று வைத்தால், ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் யார் எண்ணுவது? வாடகைக்கு இருப்பவர்கள் கேட்டது இன்னும் கூர்மையான கேள்வி: "ஓனர் மாத்தித் தராத ஓட்டை ஃப்ளஷ் டேங்குக்கு நாங்க ஏன் காசு கட்டணும்?" பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

புதிதாகக் கட்டும் கட்டடம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு மீட்டருக்கே ஓட்டுப் போடுவேன். வீட்டுக்கு ஒரே குழாய் இறங்குகிற மாதிரி முதலிலேயே வரைந்து, வெளிச்சுவரில் மீட்டரை வைத்துவிடலாம். மாதவரம், கொளத்தூர் பக்கம் இப்போது வீடு வாங்குகிறவர்கள் பில்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இது ஒன்று. முப்பது வருடப் பழைய கட்டடத்துக்கு மட்டும் இது சரிப்படாது.

குழாய் மாற்றுவதில் எனக்கு ஆரம்பத்தில் ரொம்ப நம்பிக்கை இருந்தது. எங்கள் சமையலறைக் குழாயில் வாளி வைத்துக் கடிகாரம் பார்த்தேன்: நிமிடத்துக்கு 11 லிட்டர். முனையில் திருகும் சின்ன ஏரேட்டர் ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டியதும் 4 லிட்டர். காற்றோடு கலந்து வருவதால் பாத்திரம் கழுவும்போது வித்தியாசமே தெரியாது. உடனே 16 வீட்டுக்கும், குளியலறை உட்பட எல்லாக் குழாய்க்கும் வாங்கிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

எங்கள் கட்டடத்தில் ஷவரில் குளிப்பவர்கள் மூன்று வீடுதான், மற்றவர்களுக்கு வாளியும் மக்கும். வாளி 18 லிட்டர் என்றால், ஏரேட்டர் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் 18 லிட்டர்தான் பிடிக்கப் போகிறார்கள். நிரம்ப நேரம் மட்டும் கூடும், கூடவே என்னைத் திட்டுவார்கள். திட்டினார்கள். மூன்றாம் மாடிக்குத் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் தண்ணீர் வேகம் ஏற்கெனவே குறைவு, ஏரேட்டரும் சேர்ந்தால் நூல் மாதிரி வரும். போர் தண்ணீர் வரும் குழாயில் மாட்டியவை இன்னொரு கதை. இந்தக் கடலோரத்து உப்பும் சுண்ணாம்பும் இரண்டே வாரத்தில் அந்த வலையை அடைத்துவிட்டன. கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. கடைசியில் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர் வரும் சிங்க், வாஷ்பேசின் குழாய்களில், அதுவும் கீழ் மூன்று தளங்களில் மட்டும் விட்டுவைத்தோம். அந்த அளவில் அது நல்ல வழி. வாளிக் குளியலே ஷவரைவிடச் சிக்கனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும், ஐந்து நிமிடம் நின்றால் மூன்று வாளி.

மிச்சம் இருப்பது பலகை. கூட்டத்தில் இதைச் சொன்னவர் ஓய்வு பெற்ற ரயில்வே லோகோ ஒர்க்ஸ் ஊழியர். எல்லோரும் அவரைக் கொஞ்சம் கிண்டலாகத்தான் பார்த்தோம். கரும்பலகையில் நேற்று எத்தனை லிட்டர் செலவானது என்று எழுதினால் தண்ணீர் மிச்சமாகுமா?

மீட்டர் இல்லாமல் எப்படி அளப்பது என்பதற்கும் அவரே வழி வைத்திருந்தார். எங்கள் தொட்டியின் அடிப்பரப்பு 2 மீட்டருக்கு இரண்டரை மீட்டர், அதாவது 5 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 50 லிட்டர். வெளியேறும் வால்வை மூடிவிட்டு மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட விட்டோம், மட்டம் 80 சென்டிமீட்டர் ஏறியது. 4,000 லிட்டர். அதற்குப் பிறகு வேலை சுலபம்: மோட்டார் போடும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் வாட்ச்மேன் அண்ணன் நோட்டில் குறிப்பார், நான் காலையில் பெருக்கி எழுதுவேன்.

முதல் வாரச் சராசரி நாளுக்கு 9,800 லிட்டர். கட்டடத்தில் 58 பேர், ஆளுக்கு 169. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் வீட்டு உபயோகத்துக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசு வைத்திருக்கும் அளவு. அந்த எண்ணையும் பலகையின் மூலையில் எழுதினோம். இரண்டாம் நாளிலிருந்தே படியேறும்போது நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். "நாம அவ்வளவா செலவு பண்றோம்?" என்ற கேள்வி எல்லோரிடமும் வந்தது. யாரும் அவ்வளவு செலவழிப்பதாக நினைக்கவில்லை என்பதால், எங்கோ ஒழுகுகிறது என்ற சந்தேகமும் வந்தது. பலகையின் பெரிய பலன் இதுதான் என்பேன். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒழுகலைத் தேடச் சொல்லியிருந்தால் ஒரு ஆள் வந்திருக்க மாட்டார்.

ராத்திரி 11 மணிக்குத் தொட்டிச் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டோம். மோட்டார் போடவில்லை. காலை 4 மணிக்குப் பார்த்தால் மட்டம் 6 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது: 300 லிட்டர். நள்ளிரவில் ஐந்து பேர் கழிவறைக்குப் போயிருந்தால் 50 லிட்டரைக் கழித்துக்கொள்ளலாம். மீதி 250 லிட்டர் ஐந்து மணி நேரத்தில் போயிருக்கிறது. நாளுக்கு 1,200 லிட்டர். ஒன்பது பேர் புழங்குகிற தண்ணீர், யாரும் தொடாமலே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வீடு போய் ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு, சட்டைக்குப் போடும் அதே சொட்டு நீலத்தை விட்டோம். அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பையில் நீலம் இறங்கினால் உள்ளே ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். நான்கு வீட்டில் நீலம் இறங்கியது, ஒன்று எங்கள் வீடு. சத்தமே இல்லாமல், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியவில்லை. சொட்டுகிற குழாயை எல்லோரும் கவனிப்பார்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு ஏறக்குறைய 20 லிட்டர். ஃப்ளஷ் டேங்க் அதைப் போலப் பல மடங்கு குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். ரப்பர் மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. வாடகை வீடுகளுக்குச் சங்கமே செலவை ஏற்று, பராமரிப்புக் கணக்கில் ஓனரிடம் வாங்கிக்கொண்டது. அந்த வாரம் பலகையில் 8,600 வந்தது.

வீட்டு எண் போட்டு எழுத வேண்டும், யார் அதிகம் என்று தெரியட்டும் என்று சிலர் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அளக்க வழியில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, 2018-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று இறுக்கியபோது ஒரு வரைபடம் போட்டார்கள். சிக்கனமாக இருந்த வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி கிடைத்தது, மீறியவர்களைக் குத்திக்காட்டச் சிவப்புப் புள்ளி வைக்கவில்லை. ஒரே மாடிப்படியில் தினம் முகத்தில் முழிக்கிறவர்களுக்கு அந்த நாகரிகம் இன்னும் அதிகமாகத் தேவை. எங்கள் பலகையில் மொத்தம் மட்டும்தான். ஜூலை கடைசியில் 7,900-க்கு வந்திருக்கிறது, ஆளுக்கு 136. ரப்பர் மாற்றிய பிறகு இறங்கிய இந்த 700 லிட்டரில் ஏரேட்டருக்கு எவ்வளவு, ஆட்களின் கைக்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. வாரம் இரண்டு லாரி மறுபடி ஒன்றாகிவிட்டது.

இதே பலகையை வேலை இடத்திலும் மாட்டலாம் என்று நினைத்து ஏமாந்தேன். மாதவரத்தில் நான் வேலை பார்க்கும் கிடங்கு அலுவலகத்தில் 40 பேர். லாரிக் காசு யார் பையிலிருந்தும் போவதில்லை, படியில் நின்று பலகை பார்க்கும் அக்கம்பக்கமும் அங்கே இல்லை. எழுதி வைத்த எண் ஒரு மாதம் அப்படியே கிடந்தது. ஆனால் வீட்டில் பாதி தோற்ற ஏரேட்டர் இங்கே ஜெயித்தது. அலுவலகத்தில் வாளி கிடையாது, எல்லாமே ஓடும் குழாய். மதியம் 40 பேரும் கையும் டிபன் பாக்ஸும் கழுவ ஆளுக்கு ஒரு நிமிடம் குழாயைத் திறந்தால் முன்பு 440 லிட்டர், இப்போது 160. அழுத்தினால் வந்து தானாக நிற்கும் குழாய் இரண்டும் போட்டிருக்கிறார்கள்.

அதைவிட உதவியது இன்னொன்று. எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று முதலில் தெரிவது துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்குத்தான். முன்பு அவர் சூப்பர்வைசரிடம் சொல்வார், சூப்பர்வைசர் அட்மினிடம் சொல்வார், அட்மின் ஒப்புதல் வாங்குவதற்குள் இரண்டு வாரம் ஓடும். இப்போது பிளம்பரை நேராகக் கூப்பிடும் உரிமையும் அவரது போன் நம்பரும் அக்காவிடமே இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்துத் தரை துடைப்பதும் அவர் யோசனை. பெரிய தொழிற்சாலைகளுக்கு வழி வேறு: கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தரக்கூடிய ஆலை 2019-லிருந்து மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்காக இருக்கிறது. நாற்பது பேர் அலுவலகத்துக்கு அக்காவின் போன் போதும்.

ஆக, பழைய கட்டடத்தில் 16 வீட்டுக்கு முடிவெடுக்க என்னைக் கேட்டால்: முதல் வாரம் மோட்டார் நேரத்தை எழுதுங்கள், இரண்டாம் வாரம் சாக்பீஸ் கோடும் சொட்டு நீலமும், அதற்குப் பிறகு சிங்க்கில் மட்டும் ஏரேட்டர். மோட்டாருக்கு நிரம்பினால் தானாக நிற்கும் கருவி ஒன்று போட்டுவிடுங்கள். எங்கள் மோட்டார் கணக்கில் பத்து நிமிடம் வழிந்தால் 670 லிட்டர் போச்சு. நேரக் கட்டுப்பாட்டை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரைப் புதுக் கட்டடத்துக்கு விடுங்கள்.

எங்கள் அடுத்த கூட்டம் மழைநீர்த் தொட்டி பற்றி. 2003-ல் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழி அது. அக்டோபர் மழைக்கு முன்னால் மூடியைத் திறந்து மணலையும் ஜல்லியையும் மாற்ற வேண்டும். போன முறை திறந்தபோது உள்ளே மூன்று கிரிக்கெட் பந்தும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. செருப்பு யாருடையது என்று இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.